தீ அணைந்த பிறகு ஒரு மணி நேரம்: தீயணைப்பு, அம்புலன்ஸ், பொலிஸ் வேலையில் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் தம்பி தீயணைப்பு வேலைக்குப் போய்ப் பதினொரு வருஷமாகிறது. நான் தாதி. ஒரே வளவுக்குள் எங்கள் இரண்டு வீடும், நடுவில் கிணறும். சோளகம் அடிக்கும் ஒரு ஆடி மாத இரவில், கடையொன்றில் பிடித்த தீயை அணைத்துவிட்டு இரண்டு மணிக்கு வந்தான். கிணத்தடியில் நின்று இரண்டு தரம் சவர்க்காரம் போட்டு முழுகினான். காலையில் கொடியில் கிடந்த அவனுடைய வெள்ளைத் துவாயைப் பார்த்தேன். கழுத்தும் காதின் பின்பக்கமும் பட்ட இடத்தில், மை தடவியது போல ஒரு கறுப்பு வளையம்.

"அக்கா, அது புகைக்கரிதானே. நாளைக்குப் போயிடும்" என்றான்.

போகும்தான். ஆனால் கழுவிப் போவது ஒரு பங்கு, தோலுக்குள் போவது இன்னொரு பங்கு. அன்று முதல் இந்த விஷயத்தை விடாமல் வாசித்து வருகிறேன். அதில் யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், கையில் இருக்கும் வசதியோடு, இன்றைக்கே செய்யக்கூடியவற்றை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முதலில் தீயணைப்பு வீரர்களுக்கு. அம்புலன்ஸ், பொலிஸ் ஆட்களுக்கான விஷயங்கள் பிற்பகுதியில் இருக்கின்றன. வீட்டுக்காரரும் வாசிக்க வேண்டும். உடுப்பும் துவாயும் பிள்ளைகளும் உங்கள் கையில்தானே.

ஆபத்து எவ்வளவு பெரியது?

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ், பிரான்சின் லியோன் நகரில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இருக்கிறது. எது புற்றுநோய் தரும், எது தராது என்று தரம் பிரிப்பது அதன் வேலை. 2022 ஜூனில் 8 நாடுகளைச் சேர்ந்த 25 விஞ்ஞானிகள் அங்கே கூடி, தீயணைப்புத் தொழிலையே முதலாம் பிரிவில் சேர்த்தார்கள். அதற்கு முன் 2007 இல் கூடிய குழு அதை "வரக்கூடும்" என்ற அளவில் 2பி பிரிவில்தான் வைத்திருந்தது.

முதலாம் பிரிவு என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் உறுதியாக இருக்கிறது என்பதே அதன் அர்த்தம். எத்தனை பேருக்கு வரும் என்பதை அந்தப் பிரிவு சொல்வதில்லை. சிகரெட், வெயில், வெற்றிலை பாக்கு எல்லாமே அதே பிரிவில்தான் இருக்கின்றன.

உறுதியான ஆதாரம் இருப்பது இரண்டு நோய்களுக்கு. ஒன்று மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் வருவது, அஸ்பெஸ்டஸ் தூசோடு பிணைந்தது. மற்றது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொதுமக்களை விடத் தீயணைப்பு வீரர்களிடம் மீசோதீலியோமா சுமார் 58 வீதமும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சுமார் 16 வீதமும் கூடுதலாக இருந்தன. மீசோதீலியோமா மிக அரிதான நோய் என்பதால், 58 வீதம் கூடினாலும் ஆட்கணக்கில் அது சிறிய தொகைதான். பெருங்குடல், புரொஸ்டேட், விதை ஆகியவற்றின் புற்றுநோய்கள், மெலனோமா என்ற தோல் புற்றுநோய், ஹொட்ஜ்கின் வகை அல்லாத நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் அது இன்னும் முழுதாக உறுதிப்படவில்லை.

அமெரிக்காவின் சிக்காகோ, பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் 1950 முதல் 2009 வரை வேலை செய்த கிட்டத்தட்ட 30,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டியது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் புற்றுநோய் வந்தவர்கள் 9 வீதம் கூட, அதனால் இறந்தவர்கள் 14 வீதம் கூட.

இதை எழுதுவது யாரையும் வேலையை விட வைக்க அல்ல. அந்த 9 வீதத்திலும் 14 வீதத்திலும் ஒரு பகுதியையாவது சோப்பும் தண்ணீரும் ஒரு நல்ல பழக்கமும் குறைக்கும் என்று நம்புகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நஞ்சு உள்ளே போகும் வழிகள்

மூச்சு வழி எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது தோலை. 1775 இல் பெர்சிவல் பொட் என்ற லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர், புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளருக்கு விதைப்பையின் தோலில் புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதினார். காரணம் அந்தத் தோல் மடிப்புகளில் தங்கிய கரி. தொழிலால் புற்றுநோய் வரும் என்று எழுதப்பட்ட ஆரம்பப் பதிவுகளில் அது ஒன்று. 250 வருஷம் கழித்து, என் தம்பியின் துவாயில் இருந்ததும் அதே கரியின் இனம்தான்.

கழுத்து, தாடை, கவட்டுப் பகுதி ஆகியவற்றின் தோல் மெல்லியது. உடம்பு சூடேறி வியர்க்கும்போது தோல் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். எங்கள் ஊர் வெயிலில், தடித்த அங்கிக்குள், அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது வழி வாய். கரி படிந்த கையோடு தேத்தண்ணி குடிப்பதும், பணிஸ் கடிப்பதும், வெற்றிலை மடிப்பதும்.

எங்கள் ஊரில் எரிவது என்ன?

சீற் கூரை. அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடு எரியும்போது படார் படாரென்று வெடிக்கும் சத்தம் யாழ்ப்பாணத்தில் கேளாதவர் குறைவு. சீற்றுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி அதை உடைத்துச் சிதறடிக்கிறது. நீல அஸ்பெஸ்டஸ் 1997 இலேயே இலங்கையில் தடை செய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் தொடர்ந்து கூரையில் இருக்கிறது. இரண்டுமே முதலாம் பிரிவுதான். சிதறிய பெரிய துண்டு மூச்சுக்குள் போகாது. அதை மிதித்து, நொருக்கி, காய்ந்த பிறகு கூட்டும்போது எழும் தூசுதான் போகும். அந்த நார்கள் உள்ளே தங்கினால் நோய் தெரிய 20 முதல் 50 வருஷம் கூட ஆகும்.

குப்பை. கல்லுண்டாய்ப் பக்கம் குப்பை மேடு புகையும்போது அதைப் பெரிய தீயாக யாரும் எண்ணுவதில்லை. கொழுந்து இல்லை, உயிர் ஆபத்து இல்லை. அதனால் முகமூடியும் இல்லை. ஆனால் பிளாஸ்ரிக், சொப்பிங் பை, வயர், ரயர் எல்லாம் குறைந்த சூட்டில் மணிக்கணக்காகப் புகைவதுதான் மிக மோசமான கலவை. பி.வி.சி. எரிந்தால் டயொக்சின் வரும். கரித்துணிக்கையோடு பென்சோபைரீன் வரும். பென்சீனும் போமல்டிஹைட்டும் வரும். எல்லாமே புற்றுநோயோடு தொடர்புள்ள நச்சுகள். கொழுந்து விட்டெரியும் வீட்டுக்கு எடுக்கும் அதே பாதுகாப்பை இதற்கும் எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், மணிக்கணக்காக நிற்க வேண்டியிருப்பதால் இதற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

வடலி, பனங்கூடல், புல்வெளித் தீ. இது விறகுப் புகை போன்றதுதான், இயற்கையானதுதான் என்ற எண்ணம் தவறு. விறகுப் புகையிலும் பென்சோபைரீன் உண்டு. திறந்த வெளி என்பதால் செறிவு குறையும், அவ்வளவே.

இனிப் படிகள்.

படி 1: மணி அடிக்க முன்பே

அங்கி, தலையுறை, கையுறை மூன்றும் போன தீயின் கரியோடு தொங்குகிறதா என்று பாருங்கள். கரி படிந்த உடுப்பைப் போட்டால், புதுத் தீக்குப் போக முன்பே பழைய தீயின் நஞ்சு தோலில் பட்டுவிடுகிறது. ஒருவருக்கு இரண்டு தலையுறையாவது வேண்டும். கழுத்தையும் தாடையையும் மூடும் அந்தத் துணிதான் மலிவானது, அடிக்கடி அழுக்காவதும் அதுதான்.

முகமூடி தோலோடு ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்களில் தாடி எடுக்க மாட்டார்கள். அதை மதிக்க வேண்டும். அந்த நாட்களில் அவர்களைப் புகைக்குள் அனுப்பாமல் பம்ப், குழாய் வேலையில் நிறுத்துவது மேற்பார்வையாளர் செய்யக்கூடிய எளிய காரியம்.

படி 2: தீயிடத்தில்

வாகனத்தைக் காற்று வரும் பக்கமாக நிறுத்துங்கள். சோளகக் காலத்தில் தென்மேற்கில் இருந்து காற்று, மாரியில் வாடைக்காற்று என்பது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். புகைக்குள் போகிறவர் சுவாசக் கருவியோடு, அதாவது முதுகில் காற்றுக் கலனும் முகத்தில் முகமூடியுமாக, போக வேண்டும். வெளியே நின்று குழாய் பிடிப்பவரும் புகை தன் பக்கம் திரும்பினால் இடம் மாற வேண்டும்.

நனைத்த கைலேஞ்சி நுண்துணிக்கையையும் வாயுவையும் தடுக்காது. மருத்துவ முகக்கவசமும் தடுக்காது. என்-95 துணிக்கையை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது. சுவாசக் கருவி எல்லோருக்கும் இல்லாத இடத்தில், துணிக்கைக்கும் இரசாயன ஆவிக்கும் சேர்ந்த வடிகட்டி பூட்டிய அரைமுகக் கவசம் திறந்தவெளிப் புகைக்குப் பரவாயில்லை. ஆனால் அது காபன் மொனொக்சைட் என்ற மணமில்லாத நச்சு வாயுவைத் தடுக்காது, ஒட்சிசன் குறைந்த இடத்தில் உயிரைக் காப்பாற்றாது. மூடிய கட்டடத்துக்குள் அதோடு போகக் கூடாது.

படி 3: கொழுந்து அணைந்ததும், இதுதான் முக்கியமான நேரம்

தம்பியைக் கேட்டேன், "முகமூடியை எப்ப கழட்டுவியள்?" என்று. "கொழுந்து அணைஞ்ச உடனே. பிறகென்ன, வெறும் புகைதானே" என்றான்.

அந்த "வெறும் புகை" நேரத்தில்தான் கூரைச் சலாகைகளை இழுப்பார்கள், மெத்தையைப் புரட்டுவார்கள், கனன்று கொண்டிருப்பதைத் தேடுவார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் போகும். முழுதாக எரியாமல் புகையும் பொருள்தான் கூடுதல் நஞ்சு விடும். கண்ணுக்குப் புகை மெலிந்து தெரியும், காபன் மொனொக்சைட் அளக்கும் கருவியும் குறைவாகக் காட்டலாம். அதை வைத்துக் காற்று சுத்தம் என்று முடிவெடுக்க முடியாது. பென்சோபைரீனையும் போமல்டிஹைட்டையும் அஸ்பெஸ்டஸ் நாரையும் அந்தக் கருவி அளப்பதில்லை.

அதனால் கிளறும் வேலை முடியும் வரை முகமூடி முகத்தில் இருக்கட்டும். காற்று தீர்ந்தால் ஆளை மாற்றுங்கள். சீற் கூரை விழுந்திருந்தால் மெல்லிய தூறலாகத் தண்ணீர் அடித்து நனைத்துக்கொண்டே இருங்கள். காய்ந்த தும்புத்தடியால் கூட்டாதீர்கள். துண்டுகளை உடைக்காமல் நனைத்தபடி தடித்த பொலித்தீனில் சுற்றுங்கள். இதை வீட்டுச் சொந்தக்காரரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில் அந்த முற்றத்தைக் கூட்டப்போவது அநேகமாக அந்த வீட்டு அம்மாதான்.

படி 4: அந்த இடத்திலேயே கழுவுதல்

இதற்கு வேண்டியவை நான்கே: ஒரு வாளி, பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம், நீளக்கைப்பிடித் தும்பு பிரஷ், மெல்லிய குழாய். 2017 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அங்கியைத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு அந்த இடத்திலேயே தேய்த்தபோது, மேலே படிந்த நச்சுக்கரிச் சேர்மங்கள் சுமார் 85 வீதம் குறைந்தன. ஈரத்துடைப்பானால் கழுத்தைத் துடைத்ததும் அங்கே இருந்தவை பாதிக்கு மேல் குறைந்தன. இத்தனை மலிவாக இவ்வளவு பலன் தரும் வேறு காரியம் எனக்குத் தெரியவில்லை.

முகமூடி முகத்தில் இருக்கும்போதே கழுவ வேண்டும். தலைக்கவசத்தில் தொடங்கித் தோள், கை, நெஞ்சு, முதுகு, கால், சப்பாத்து என்று மேலிருந்து கீழாக. ஒருவர் கையை அகட்டி நிற்க, மற்றவர் தேய்த்து ஊற்றட்டும். ஆளுக்கு இரண்டு நிமிஷம் போதும். பிறகு அங்கியைக் கழற்றி, தடித்த பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, பேபி வைப்ஸோ சவர்க்காரத்தில் நனைத்த சுத்தமான துணியோ எடுத்து முகம், காதின் பின்புறம், கழுத்து, தாடை, மணிக்கட்டு எல்லாம் துடையுங்கள். அந்தத் துணி என்ன நிறத்துக்கு வருகிறது என்று ஒரு தரம் பாருங்கள். அடுத்த முறை யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

தண்ணீரோ தேத்தண்ணியோ அதற்குப் பிறகுதான். எரிந்த வீட்டு அயலவர் அன்போடு நீட்டும் பிளேன்டீயை மறுக்க மனம் வராது. கை கழுவும் வரை அவரையே பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள், கோவிக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கி கழுவும் இடம் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கும்.

படி 5: திரும்பும் வழி

கரி படிந்த அங்கியோடு வாகனத்தின் உள்ளே ஏறினால், அந்த இருக்கையில் நாளை இன்னொருவர் சாதாரண உடுப்போடு இருப்பார். முடிச்சுப் போட்ட பையை வெளிப்பெட்டியில் வையுங்கள். மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கியை வீட்டுக்கே கொண்டுபோக வேண்டாம்.

படி 6: ஒரு மணி நேரத்துக்குள் முழுக்கு

நிலையத்திலேயே முழுக வசதி இருந்தால் அங்கேயே முழுகிவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது. வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். தலைமயிர், காது மடல், நகக்கண், கவட்டுப் பகுதி, கால்விரல் இடுக்கு எல்லாம் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். எண்ணெய் பூசித் தேய்த்தால் கரி நன்றாகக் கழன்று வரும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தீ முடிந்த அன்று அது வேண்டாம். அந்தச் சேர்மங்கள் கொழுப்பில் கரைபவை. எண்ணெய் அவற்றைத் தோலில் பரப்பிவிடும்.

முழுகும் வரை பிள்ளையைத் தூக்காதீர்கள். இதை எழுதும்போது மனம் கொஞ்சம் கனக்கிறது. அப்பாவைக் கண்டதும் ஓடிவரும் பிள்ளையைப் "பொறு" என்று தடுப்பது லேசான காரியம் அல்ல. எங்கள் வீட்டில் இப்போது படலைக்குப் பக்கத்திலேயே ஒரு சாரமும் துவாயும் தொங்கும். தம்பி அங்கிருந்து நேரே கிணத்தடிக்குப் போவான். மருமகனும் அதைப் பழகிவிட்டான், துவாயை எடுத்துக் கொடுப்பதே அவன்தான்.

படி 7: உடுப்புத் தோய்த்தல்

அங்கியை வீட்டு உடுப்போடு, முக்கியமாகப் பிள்ளைகளின் உடுப்போடு, ஒன்றாகத் தோய்க்கக் கூடாது. நிலையத்துக்கென்று ஒரு சலவை இயந்திரம் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் தனித் தொட்டியில், கையுறை போட்டுக்கொண்டு, 40 பாகைக்குக் கூடாத தண்ணீரில் தோயுங்கள். வெளுக்கும் குளோரின் போடாதீர்கள், அது தீத்தாங்கும் நாரைக் கெடுக்கும்.

அடுத்தது எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு நேரெதிர். அங்கியை வெயிலில் காயவிடக் கூடாது. நல்ல வெயிலில் போட்டால்தான் சுத்தம் என்று நினைப்போம். ஆனால் சூரியனின் புற ஊதாக் கதிர் அந்த நாரின் வலுவைத் தின்றுவிடும். காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிடுங்கள். உள்ளே போட்டிருந்த பெனியன், சேட், காலுறை எல்லாவற்றையும் அன்றைக்கே தனியாகத் தோயுங்கள்.

படி 8: நிலையத்துக்குள்

வாகனத்தை உள்ளே நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு வைப்பது பல இடங்களில் வழக்கம். டீசல் புகையை 2012 இல் முதலாம் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். கராஜ் சுவரில் வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். காலையில் எஞ்சினைச் சோதிப்பதானால் வண்டியை வெளியே எடுத்த பிறகு செய்யுங்கள். கராஜுக்கும் படுக்கும் அறைக்கும் இடையில் உள்ள கதவை மூடி வையுங்கள். அங்கிகளைப் படுக்கும் அறையில் தொங்கவிட வேண்டாம்.

எண்ணெய்த் தீக்கு அடிக்கும் பழைய வகை நுரையில் புளோரின் சேர்ந்த இரசாயனங்கள் உண்டு. அவை மண்ணிலும் தண்ணீரிலும் அழிவதேயில்லை என்று சொல்லலாம். அவற்றில் பி.எப்.ஓ.ஏ. என்பதை 2023 இன் கடைசியில் முதலாம் பிரிவில் சேர்த்தார்கள். கையிருப்பில் உள்ள நுரைக் கலனின் லேபலைப் படித்து, புளோரின் இல்லாதது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சிக்கு நுரை வேண்டாம், தண்ணீரே போதும். பள்ளிக்கூடச் செய்முறைக் காட்சியில் பிள்ளைகளை நுரையில் விளையாட விடக் கூடாது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை. கனடாவிலும் லண்டனிலும் இருந்து பழைய அங்கிகளைச் சேர்த்து அனுப்பும் மனசுக்கு நன்றி. ஆனால் தயாரித்து 10 வருஷம் கடந்த அங்கியை அமெரிக்க விதிகளே பாவனையில் இருந்து எடுத்துவிடச் சொல்கின்றன. லேபலில் தயாரித்த திகதியைப் பார்த்து அனுப்புங்கள். அதே காசுக்குப் புதிய தலையுறைகள், கையுறைகள், முகமூடி வடிகட்டிகள், ஒரு சலவை இயந்திரம் ஆகியவற்றை வாங்கிக் கொடுத்தால் அது பல மடங்கு உதவும்.

அம்புலன்ஸ், பொலிஸ், மற்றவர்கள்

1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கு வந்த பிறகு எத்தனையோ உயிர் தப்பியிருக்கிறது. அதில் வேலை செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கு இரண்டு விஷயம். தீயிடத்தில் இருந்து ஆளை ஏற்றும்போது அவருடைய கரி படிந்த உடுப்பும் வண்டிக்குள் ஏறுகிறது. மேலுடுப்பை வெட்டி எடுத்துப் பையில் போடுங்கள், கையுறை மாற்றுங்கள், கதவு திறந்து வண்டியைத் துடையுங்கள். இரண்டாவது, நிற்கும் இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு அதன் பின்னால் நின்று கதைக்காதீர்கள்.

சந்தியில் நாள் முழுக்க நிற்கும் போக்குவரத்துப் பொலிஸாருக்கு டீசல் புகையும் வெயிலும். எரியும் இடத்தில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொலிஸார் எந்தக் கவசமும் இல்லாமல் புகை போகும் பக்கம் நிற்பதை நானே கண்டிருக்கிறேன். காற்று வரும் பக்கம் நின்றால் அதுவே பாதிப் பாதுகாப்பு.

இரவு வேலையை 2007 இலும் மறுபடி 2019 இலும் "அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் வைத்தார்கள். இரவு வேலை இல்லாமல் இந்தச் சேவைகள் நடக்காது. செய்யக்கூடியது, முறை முடிந்து வந்தவரை வீட்டில் நிம்மதியாகத் தூங்க விடுவது. யன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். பகலில் தூங்குகிறவரைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள்.

படி 9: புகையிலை, வெற்றிலை

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்க முதற்காரணம் சிகரெட். அஸ்பெஸ்டஸ் தூசோடு சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. வெற்றிலை பாக்கைப் புகையிலை சேர்க்காமல் போட்டாலும் அது முதலாம் பிரிவுதான். இலங்கை ஆண்களிடம் முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். இரவு முறையில் தூக்கம் வராமல் இருக்கத்தான் போடுகிறோம் என்பார்கள். எனக்கு விளங்குகிறது. ஆனால் புகைக்குள் வேலை செய்கிற உடம்புக்கு இன்னொரு சுமையை நாமே ஏற்றக் கூடாது.

படி 10: உடம்பைப் பார்ப்பது

"எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை" என்று ஒன்று இல்லை. யாராவது அப்படி விற்றால் வாங்காதீர்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தால் காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

சிறுநீரில் ரத்தம். நோவு இல்லாமல், ஒரே ஒரு நாள் வந்து நின்றாலும் போக வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். "வெயில் சூடு, இளநீர் குடிச்சால் சரியாகும்" என்று விட்டவர்களை விடுதியில் கண்டிருக்கிறேன். நின்றுவிட்டதால் சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க இறுக்கம். மலத்தில் ரத்தம், மலம் போகும் பழக்கத்தில் மாற்றம். விதையில் கட்டி அல்லது பாரம். கழுத்து, அக்குள், கவட்டில் நோவில்லாத கட்டி. விடாத இருமல், மூச்சு வாங்குதல், நெஞ்சில் ஒரு பக்க நோவு. காரணமில்லாமல் மெலிதல். மெலனோமா கறுத்த தோலில் அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரலாம். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தால் காட்டுங்கள்.

ஒரு குறியும் இல்லாவிட்டாலும், 35 வயது கடந்தவர்கள் அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குப் போகலாம். காசு இல்லை. வாயையும் பார்த்துவிடுவார்கள். பெண் உத்தியோகத்தர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பெண்கள் நல கிளினிக்கைத் தவறவிட வேண்டாம். மேற்கொண்டு பார்க்க வேண்டி வந்தால் தெல்லிப்பழை வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை ஆயிரக்கணக்கானோர் நடந்து சேர்த்த பணத்தில் எழுந்த கட்டடம் அது. அதற்கு முன் எத்தனை பேர் கொழும்புப் பக்கம் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏறினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

படி 11: ஒரு கொப்பி

இது செலவில்லாத படி, ஆனால் யாரும் செய்யாத படி. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, ஒவ்வொரு தீக்கும் ஒரு வரி எழுதுங்கள். திகதி, இடம், எரிந்தது என்ன, எத்தனை மணி நேரம், முகமூடி போட்டிருந்தேனா, பிறகு இருமலோ தலையிடியோ இருந்ததா. சீற் கூரை என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். 2026 இல் உள்ளே போன தூசு 2056 இல் நோயாக வரலாம். அன்றைக்கு நிலையத்தின் பதிவேடு இருக்குமோ தெரியாது. கூட வேலை செய்தவர் எந்த நாட்டில் இருப்பாரோ தெரியாது. வைத்தியருக்கும், நட்டஈடு கேட்க வேண்டி வந்தால் அதற்கும், உங்கள் கைப்பட எழுதியது பயன்படும். கிளினிக் கொப்பியோடு சேர்த்தே வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள்.

தம்பியின் கொப்பியில் முதற்பக்கத்தில் உள்ள ஒரு வரி இது: "கல்லுண்டாய். குப்பை. 5 மணித்தியாலம். முகமூடி இல்லை. இரவு முழுக்க இருமல்."

வைத்தியரிடம் போகும்போது பலர் வருத்தத்தை மட்டும் சொல்வார்கள், தொழிலைச் சொல்ல மாட்டார்கள். வரிசை நீளம், வைத்தியருக்கும் கேட்க நேரமில்லை. கதிரையில் இருந்ததும் இப்படித் தொடங்குங்கள்: "டொக்டர், நான் 11 வருஷமாகத் தீயணைப்பில் வேலை செய்கிறேன். சீற் கூரை எரிந்த வீடுகளுக்குள் போயிருக்கிறேன். போன கிழமை ஒரு நாள் சிறுநீரில் ரத்தம் வந்தது, நோவு இல்லை." சொல்லிவிட்டுக் கொப்பியை மேசையில் வையுங்கள்.